புதுப்பிப்பு: மகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் ஜிம்மை மாற்றியாயிற்று

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிப் படிநிலைகளில் லெவல் 6-ல் இருக்கும் மகளை இங்கே டெக்சாஸில் வேறு ஜிம்முக்கு மாற்றலாமா என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி சீசன் முடியும்வரை பொறுத்து, மே மாதம் மாற்றினோம். நடுவில் விலகியிருந்தால் கட்டிய போட்டிக் கட்டணம் போயிருக்கும்; புது ஜிம்மின் லியோடார்டுக்கு (உடலை ஒட்டிய போட்டி உடை) எப்படியும் தனியாகப் பணம் அழ வேண்டியதுதான்!

பழைய இடத்தில் பயிற்சியைப் பெற்றோர் பார்க்கவே விடமாட்டார்கள். இங்கே எந்த நாளும் மாடியில் உட்கார்ந்து பார்க்கலாம். எனக்கு அதுவே பாதி நிம்மதி.

பார்ஸில்தான் (உயரம் மாறுபட்ட இரு கம்பிகளில் செய்யும் பயிற்சி) பெரிய வித்தியாசம். அங்கே காஸ்ட் ஹேண்ட்ஸ்டாண்ட் (கம்பியில் ஊன்றியபடி காலை வீசித் தலைகீழாக நிற்பது) சரியாக வருமுன்னே ஜெயன்ட் (உடலை நீட்டிக் கம்பியை முழுச் சுற்று சுற்றுவது) செய்யச் சொல்லித் தள்ளினார்கள். புது கோச் அதை நிறுத்திவிட்டு காஸ்ட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஜெயன்ட் இப்போது ஸ்ட்ராப் பாரில் மட்டும், கை நழுவாதபடி பட்டையால் கம்பியோடு கட்டிக்கொண்டு. "என்னை பேபி மாதிரி நடத்துறாங்கம்மா" என்று முதலில் ஒரே அழுகை. மணிக்கட்டு வலி குறைந்ததும் புலம்பலும் குறைந்தது. பழைய தோழிகளுக்கான ஏக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

லெவல் 7-க்கு ஏற்றுவதா என்பதை நவம்பரில்தான் சொல்வார்களாம். அதற்குள் ஃப்ளோருக்கு (தரையில் இசையோடு செய்யும் பயிற்சி) புது இசை வேண்டும்: 90 விநாடிக்குள், பாடல் வரிகள் கூடாது. துள்ளலான தமிழ் பிஜிஎம் தெரிந்தால் சொல்லுங்களேன்.