ஸ்காபரோ வாடகை வீட்டு ஃபர்னஸ்: அதை மட்டும் மாற்றுவதா, ஏசியையும் சேர்த்தா?

வணக்கம் உறவுகளே. டொரொன்டோ ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸில், எரியும் காஸின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு விழுந்துவிட்டது. பார்க்க வந்த டெக்னீஷியன் பாவிக்கக் கூடாது என்று சிவப்பு டாக் போட்டுக் காஸை நிறுத்திவிட்டார். அந்த வெடிப்பால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வரலாம் என்பதால் திருத்திப் பார்க்கும் எண்ணம் எனக்கில்லை. உள்ளே கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம் இருக்கிறது. இப்போதைக்கு மின்சார ஹீட்டர்கள் கொடுத்திருக்கிறேன். டொரொன்டோவில் குளிர்காலத்தில் 21 பாகை வெப்பம் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை, அதனால் இந்த வாரமே முடிவெடுக்க வேண்டும்.

குழப்பம் ஏசியில்தான். அதுவும் பழசு, ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் காஸில் ஓடுவது, போன கோடையிலேயே கசிந்தது. அந்தக் காஸ் இப்போது கிடைப்பது அரிது, விலையும் அதிகம். ஃபர்னஸ் மட்டும் என்றால் 5,200 டொலர், இரண்டும் சேர்த்தால் 10,500. ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை உள்ளே எடுக்கும், கோடையில் ஏசியாகவும் ஓடும் மின்கருவி) போட்டு ஃபர்னஸைத் துணைக்கு வைத்தால் 15,000க்கு மேல் கேட்கிறார்கள். காஸ் பில் கட்டுவது குடியிருப்பவர்கள், அவர்களுக்கு எது மிச்சம் என்பதும் எனக்கு முக்கியம்.

இன்னொன்று. புது ஃபர்னஸின் புகை பிளாஸ்டிக் குழாய் வழியே சுவரால் வெளியேறும். பழைய சிம்னியில் காஸ் தண்ணீர் ஹீட்டரின் புகை மட்டும்தான் போகும். அதற்கு அந்தச் சிம்னி பெரிதாகிவிடும் என்பதால் உள்ளே ஒரு சின்னக் குழாய் போட வேண்டுமாம். விலை சொன்ன ஒருவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் வீட்டில் இதற்கு எவ்வளவு முடிந்தது? வாடகை வீட்டில் ஹீட் பம்ப் போட்டவர்கள் ஜனவரிக் குளிரில் எப்படி என்று சொல்லுங்கள்.