பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு தீபாவளியிலிருந்து எலியைத் தொடவில்லை. என்ன செய்வது?

குளிர்நாடன்:
வணக்கம், ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இரண்டு வயது ஆண் பால் பைத்தான் இருக்கிறது. தீபாவளி வரைக்கும் உறைந்த எலியை இளக வைத்துக் காட்டினால் பாய்ந்து பிடித்துச் சுருட்டிவிடும். அப்புறம் பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து 4 அடிக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன். இப்போது எலியை இடுக்கியில் நீட்டினால் நாக்கை நீட்டி மோந்துவிட்டுத் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொள்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் காட்டிப் பார்க்கிறேன். "வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டுக் கொல்லாதே" என்று அம்மா ஒரே பேச்சு. வாயைத் திறந்து ஊட்டலாமா?

வல்லூறு:
ஊட்ட வேண்டாம். முதலில் இதைச் சொல்லுங்கள் தம்பி: சூடான பக்கம் எத்தனை டிகிரி, எதால் அளந்தீர்கள்? ஈரப்பதம் எவ்வளவு? ஒளிந்துகொள்ள எத்தனை இடம்? எடை முன்பு என்ன, இப்போது என்ன?

மலைநாட்டான்:
உயிர் எலியை உள்ளே விட்டுப் பாருங்கள் ப்ரோ. அசைவைக் கண்டால் தன்னால் பிடிக்கும்.

வல்லூறு:
பசியில்லாத பாம்போடு உயிர் எலியை அடைத்தால் கடிபடுவது பாம்புதான். முதுகில் சதை பிய்ந்த பாம்பைப் பார்த்தவர்கள் இந்த யோசனை சொல்ல மாட்டார்கள்.

குளிர்நாடன்:
கண்ணாடியில் ஒட்டிய முள் மீட்டர் 29 காட்டுகிறது. ஈரப்பதம் 35%, வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது. மறைவிடம் ஒன்று, நடுவில். எடை 795 கிராம் இருந்தது, இப்போது 780.

வல்லூறு:
15 கிராம் ஒன்றுமே இல்லை, ஒருதரம் மலம் கழித்தாலே அவ்வளவு குறையும். எடையில் பத்தில் ஒரு பங்கு போனால், அல்லது மூச்சில் சீழ்க்கைச் சத்தம், வாயில் குமிழி, தோலில் உண்ணி தெரிந்தால் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் போங்கள். மற்றபடி வளர்ந்த ஆண் பால் பைத்தான் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம்.

ஆனால் தொட்டியைச் சரிசெய்யத்தான் வேண்டும். கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு இது. பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடக்கும். நாலு பக்கமும் வெளிச்சம் வரும் கண்ணாடிக்குள் அதற்கு நிம்மதி ஏது? மூன்று பக்கம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். உடம்பு உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம் சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. முள் மீட்டரை எறிந்துவிட்டு வயர் முனையுள்ள டிஜிட்டல் மீட்டரைத் தரையில் வையுங்கள். சூட்டுப் பக்கம் 31 முதல் 33 வரை, குளிர்ப் பக்கம் 25, 26, சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம். தேங்காய்த் தும்புத் தூளை ஆழமாகப் போட்டு, அடியில் தண்ணீர் ஊற்றி, வலைமூடியில் பாதியை மறைத்தால் ஈரப்பதம் 60க்கு மேல் நிற்கும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எலி காட்டுவதே அதற்குத் தொல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், அதுவரை கையில் எடுக்கவும் வேண்டாம். எலியை ஃபிரிட்ஜில் இளக வைத்து, பைக்குள் போட்டுச் சுடுதண்ணீரில் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, வயிறு வெடித்துவிடும். தலைதான் நல்ல சூடாக இருக்க வேண்டும். உதட்டிலுள்ள குழிகளால் பாம்பு சூட்டைத்தான் பார்க்கிறது. இரவில், விளக்கை அணைத்துவிட்டு மறைவிட வாசலில் காட்டுங்கள்.

குளிர்நாடன்:
எல்லாம் மாற்றிவிட்டேன் அண்ணா. ஈரப்பதம் 65. நேற்றிரவு வாசலில் வைத்த எலி காலையிலும் அப்படியே கிடக்கிறது. ஆனால் பாம்பு சூட்டுப் பக்க மறைவிடத்தை விட்டு வரவேயில்லை, கண்ணில் பால் பூத்த மாதிரி இருக்கிறது. நோயா?

வல்லூறு:
நோயில்லை, சட்டை உரிக்கப் போகிறது. அந்த நேரத்தில் பார்வை மங்கும், நிறையப் பாம்புகள் தின்னாது. அந்த எலியைத் திரும்ப உறைய வைக்காமல் எறியுங்கள். உரித்து இரண்டு மூன்று நாள் போனபின் வழக்கத்தைவிடச் சின்ன எலியாகக் காட்டுங்கள். தின்றால் இரண்டு நாள் தொடவே கூடாது, கக்கிவிடும். சட்டை ஒரே துண்டாக வந்ததா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். துண்டு துண்டாக வந்தால் ஈரம் இன்னும் போதவில்லை.