பழைய ஃபேக்டரி இடத்தில் மனை வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம், கடலை ஒட்டி, மூடிக் கிடந்த ஒரு ஃபேக்டரி இடத்தை மனை போட்டு விற்கிறார்கள். 40 அடி ரோடு, பூங்கா, பீச்சுக்குத் தனி வழி என்று புரோக்கர் அடுக்குகிறார். மச்சான் அட்வான்ஸ் கொடுக்கத் துடிக்கிறான், எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

போன ஞாயிறு நேரில் போய்ப் பார்த்தேன். மேலே புதுச் செம்மண் கொட்டி நிரவியிருக்கிறார்கள், ஆனால் ஒரு மூலையில் மழைநீர் அரித்த இடத்தில் காலால் கிளறினால் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ வருகிறது. அங்கிருந்த போர் தண்ணீரைக் கையில் பிடித்தேன், கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி விட்டது. இரும்புச்சத்து என்றார் புரோக்கர். இருக்கலாம், ஆனால் ஈயம், குரோமியம் மாதிரி சமாச்சாரம் கண்ணுக்குத் தெரியாதே.

டிடிசிபி (மனைப்பிரிவு அனுமதி), ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு) எண் இரண்டையும் கேட்டால் "வந்துடும் சார்" என்கிறார். 500 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால் ரேராவில் பதியாமல் விளம்பரமே செய்யக்கூடாது! அப்புறம் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது கடலை ஒட்டிக் கட்டடம் கட்டுவதற்கான கட்டுப்பாடு. உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் அதிகபட்சம் எட்டும் கோடு) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அந்த விதி வரும், இந்த இடம் அதற்குள்தான் இருக்கும்போல. 2004-இல் சுனாமித் தண்ணீர் இங்கே எதுவரை வந்தது என்று பழைய ஆட்கள் யாராவது சொன்னாலும் உதவியாக இருக்கும்.

மண்ணையும் தண்ணீரையும் எந்த லேபில் கொடுக்கலாம், எத்தனை அடி ஆழத்தில் மண் எடுக்க வேண்டும்? சர்வே எண்ணை வைத்து கடலோர மண்டல வரைபடத்தை எங்கே பார்ப்பது? வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார்கள், அதற்குள் சொன்னால் நல்லது.