நுவரெலியா நாயை மட்டக்களப்பு வெயிலுக்குக் கொண்டுபோகிறோம், யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சித்திரை லீவுக்கு மட்டக்களப்பில் மாமா வீட்டுக்குப் போகிறோம். எங்கள் பொமரேனியனைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆளில்லை, அதனால் அவனும் வருகிறான். குட்டியிலிருந்து நுவரெலியாக் குளிரைத் தவிர வேறொன்றும் தெரியாதவன். 1868 மீற்றர் உயரத்திலிருந்து ஒரே நாளில் கடற்கரைக்கு இறங்கினால் உடம்பு தாங்குமா என்பதுதான் கவலை.

நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்ப்பதோடு சரி. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், புழுக்கத்தில் அதுவும் சரிவராது. மொட்டை அடித்துவிடச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு. எனக்கு இஷ்டமில்லை. இந்த இன நாய்களுக்கு அடிமயிர் இரண்டாவது அடுக்காக இருக்கும். வழித்துவிட்டால் தோல் வெயிலில் எரியும், மயிர் பழையபடி வளராமலும் போகலாம். சீவி, உதிர்ந்த மயிரை எடுத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

பதுளை, பிபிலை, செங்கலடி வழியாக வேனில் போகிறோம், ஏசி இல்லை. விடியற்காலையிலேயே கிளம்பப் பார்க்கிறோம். சாப்பிட நிறுத்தினால் யாராவது ஒருவர் அவனோடு வெளியே நிழலில் இருப்போம், வேனுக்குள் பூட்டிவைக்க மாட்டோம்.

மாமா வீடு தகரக் கூரை. பகலில் எங்கே படுக்க வைப்பது? ஈரச்சாக்கு விரித்தால் போதுமா? நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால் உடனே தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே வைத்தியரிடம் ஓட வேண்டும் என்று தெரியும். செங்கலடிப் பக்கம் லீவு நாளிலும் பார்க்கிற மிருக வைத்தியர் யாராவது இருக்கிறார்களா?