பந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால்: பொடிசுகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

சிமெண்ட் கோர்ட்

நான் கோச் இல்லை. கல்லூரி அணியில் ஆடியவன். இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் காலனியில் ஒரு பழைய சிமெண்ட் கோர்ட் இருக்கிறது. இரண்டு வருடமாக மாலையில் அங்கே ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பதினான்கு பேர், நான்கு பந்து.

முதல் மாதம் என் பழைய கோச் செய்ததையே செய்தேன்: இரண்டு வரிசை நிற்க வைத்து லே-அப், அதாவது ஓடி வந்து எம்பி, கிட்டத்திலிருந்து பந்தை ரிங்கில் போடுவது. ஒருவன் பந்தோடு ஓடுவான், மற்றவர்கள் வரிசையில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் பக்கத்து ஏரியா பிள்ளைகளோடு ஒரு மேட்ச். 22-4 என்று தோற்றோம். தோல்வியை விடுங்கள். பந்தோடு ஓடி, நிற்க முடியாமல் மேலும் இரண்டு எட்டு வைத்து, டிராவலிங் என்ற தப்பைச் செய்தது மட்டும் பத்தொன்பது முறை. ஓரத்தில் உட்கார்ந்து நானே கோடு போட்டு எண்ணினேன்.

அன்று இரவுதான் உறைத்தது. ஓடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எம்பச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நிற்கச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. நிற்கத் தெரியாதவனால் பாஸ் கொடுக்க முடியாது, ஷாட் அடிக்க முடியாது, தலையை நிமிர்த்தி யார் காலியாக இருக்கிறார்கள் என்று பார்க்கவும் முடியாது.

மறுநாளிலிருந்து பதினைந்து நாள் வெறும் ஜம்ப் ஸ்டாப். முதல் நான்கு நாள் பந்தே கிடையாது. விசில் அடித்தால் இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் விழ வேண்டும், முட்டி மடங்கியிருக்க வேண்டும், புட்டம் கொஞ்சம் பின்னால். இதில் தற்செயலாக ஒரு வழி கிடைத்தது. ஒருநாள் போன் வந்ததால் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் காதில் விழுந்தது: சரியாக இறங்கினால் ‘டப்’ என்று ஒரு சத்தம், தப்பாக இறங்கினால் ‘டப்-டப்’ என்று இரண்டு. அன்றிலிருந்து திரும்பி நின்றுகொண்டு காதால்தான் மதிப்பெண் போடுகிறேன். ‘ரெண்டு சத்தம், யாரது?’ என்றால் அவர்களே கை காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் எந்தக் காலையும் பிவட்டாக, அதாவது ஊன்றிய இடத்தை விட்டு நகராத காலாக, வைத்துக்கொள்ளலாம், அதுதான் இதில் லாபம். பிவட் என்றால் புரியவில்லை. ‘ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருக்கில்ல, முள்ளு கால் நகருமா?’ என்றேன். உடனே புரிந்துவிட்டது. இப்போது எங்கள் கோர்ட்டில் பிவட் என்று யாரும் சொல்வதில்லை. ‘டேய், முள்ளு காலு நகந்துருச்சு’ என்றுதான் கத்துகிறார்கள்.

உங்கள் கதையையும் கீழே எழுதுங்கள், என்னைப் போல ஒரு புனைபெயரில்.

பி.டி. வாத்தியார்

டிராவலிங் பற்றி ஒரு துணைக்கதை. 2017 அக்டோபரில் ஃபிபா (உலக பாஸ்கெட்பால் சம்மேளனம்) விதியை மாற்றியதிலிருந்து, ஓடும்போது பந்தைப் பிடிக்கிற நேரத்தில் தரையில் இருக்கிற காலைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுதான் ஜீரோ ஸ்டெப், அதற்கு அப்புறம்தான் ஒன்று, இரண்டு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலு எட்டு வைத்துவிட்டு, ‘சார் அது ஜீரோ ஸ்டெப்’ என்று என்னிடமே வாதாடினான். ரீல்ஸ் பார்த்து வந்த ஞானம். ‘ஜீரோ ஒண்ணுதான் தம்பி, உனக்கு ரெண்டு ஜீரோ இருக்கு’ என்றேன்.

லே-அப் விஷயத்துக்கு வருகிறேன். நான் பின்னாலிருந்து முன்னால் சொல்லிக்கொடுப்பவன். வலது பக்க லே-அப் என்றால், முதலில் ரிங்குக்குக் கிட்டவே நிறுத்திவிடுவேன். இடது காலை ஊன்று, வலது முட்டியைத் தூக்கு, போர்டில் இருக்கும் கட்டத்தின் மேல் மூலையில் பந்தை வை. அவ்வளவுதான். ஓட்டமும் டிரிபிளும் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது) இப்போது வேண்டாம். அது கைவந்தபின் ஓரடி பின்னால் வந்து, வலது, இடது, எம்பு. அதற்கப்புறம்தான் ஒரே ஒரு டிரிபிள். அரை கோர்ட்டிலிருந்து ஓடி வருவது மூன்றாவது வாரத்தில். முதல் நாளே ஓடவிட்டால் வலது காலில் எம்பி வலது கையால் போடுவார்கள். பார்க்க நண்டு சுவரேறுகிற மாதிரி இருக்கும். அது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்ற ஒரு வருடம் ஆகும்.

முட்டியைத் தூக்க வைக்க, ‘வலது கைக்கும் வலது முட்டிக்கும் நடுவில் நூல் கட்டியிருக்கு, பொம்மலாட்ட பொம்மை மாதிரி’ என்பேன். காலடி வைக்கும் இடத்தைக் காட்ட இரண்டு பழைய சைக்கிள் டயரைப் போட்டுப் பார்த்தேன். அது என் முட்டாள்தனம். முதல் நாளே ஒரு பெண் பிள்ளை டயர் விளிம்பில் தடுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். இப்போது வெறும் சாக்பீஸ் கோடுதான்.

லே-அப் வந்தவர்களுக்கு மைக்கன் டிரில். ரிங்குக்கு நேர் கீழே நின்று வலது பக்கம் ஒன்று, பந்து தரையில் விழுவதற்குள் பிடித்து இடது பக்கம் ஒன்று, நிறுத்தாமல். ஒரே சட்டம், பந்து தாடைக்குக் கீழே வரக்கூடாது. ஜார்ஜ் மைக்கன் என்ற பழைய அமெரிக்க ஆட்டக்காரரின் பெயர் அது. ஆறடி பத்தங்குலம், கண்ணாடி போட்டவர். 1940களில் டீபால் கல்லூரிக்கு வந்தபோது கால் பின்னுகிற ஆளாகத்தான் இருந்தார். அவருடைய கோச் ரே மேயர் அவரை ஸ்கிப்பிங் ஆட விட்டு, நடனம் கற்க அனுப்பி, இப்படி இரண்டு கையாலும் ரிங்குக்குக் கீழே போட வைத்துத்தான் தேற்றினார். இந்தக் கதையைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் கண்ணாடி போட்ட உயரமான பையன் ஒருவன் வரிசையின் முன்னால் வந்து நின்றான்.

பழைய பாயிண்ட் கார்டு

என்னுடையது ஓர் அவமானக் கதை. எல்லாப் பிள்ளைகளும் வலது கையாலேயே டிரிபிள் செய்தார்கள். இடது பக்கம் போனாலும் வலது கைதான், பந்து நேராக எதிராளியின் மடியில் போய் விழும். ‘ஒரு வாரம் வீட்டில் எல்லாவற்றையும் இடது கையால் செய்யுங்கள்’ என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு பாட்டி நேராக கிரவுண்டுக்கே வந்துவிட்டார். ‘பீச்சாங்கையால சோறு திங்கச் சொன்ன வாத்தியார் யாருய்யா?’ பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து என்னைக் காட்டினார்கள்.

பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்வது? யாருக்கும் எதையும் இடது கையால் நீட்டாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள். பந்து அந்தப் பக்கம் வந்தாலே உடம்பு தயங்குகிறது என்பது என் ஊகம். இப்போது பல் தேய்ப்பது, தலை சீவுவது, கதவு திறப்பது இந்த மூன்று மட்டும். கிரவுண்டில் வலது கையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்துவிடுவேன். அது கீழே விழாமல் இடது கையால் டிரிபிள். நான் எதிரே நின்று விரல் காட்டுவேன், எத்தனை விரல் என்று கத்த வேண்டும். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண்ண முடியாது. மூன்று வாரத்தில் தலை நிமிர்ந்தது. கை திருந்த ஆறு மாதம் ஆனது.

ரெட்டை ஜடை

மாவட்ட அணிக்கு ஆடியவள் நான். இப்போது ஒரு பள்ளியில் பெண்கள் அணியைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிப் பெயர் வேண்டாம், இருக்கிற ஒரு கோர்ட்டிலும் பாதியில் பஸ் நிறுத்துகிறார்கள்.

நீங்கள் எல்லோரும் பந்து வைத்திருக்கும் பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் நான்கு பேர் கையில் பந்து இல்லை. என் பிள்ளைகள் பந்து எங்கே போனாலும் பலாச்சுளையை ஈ மொய்க்கிற மாதிரி போய் மொய்ப்பார்கள். ‘விலகி நில்லு’ என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

கடைசியில் செருப்புதான் காப்பாற்றியது. பிள்ளைகள் கழற்றிப்போட்ட செருப்புகளை எடுத்து, ரிங்கைச் சுற்றி வளைவாக இருக்கும் த்ரீ பாயிண்ட் கோட்டை ஒட்டி ஐந்து இடத்தில் வைத்தேன்: நடுவில் ஒன்று, இரண்டு பக்கவாட்டில், இரண்டு மூலையில். ஒன்றுக்கொன்று நாலைந்து மீட்டர் இருக்கும். டிரிபிள் செய்யக்கூடாது. பாஸ் கொடுத்தவள் ரிங்கை நோக்கி ஓட வேண்டும், பந்து திரும்பி வந்தால் போட வேண்டும், வராவிட்டால் காலியாக இருக்கும் செருப்புக்குப் போக வேண்டும். அவள் விட்டுப்போன இடத்துக்குப் பக்கத்துச் செருப்பில் இருப்பவள் நகர்ந்து வருவாள்.

முதலில் எதிராளியே இல்லாமல், அப்புறம் நாலுக்கு நாலு. முதல் நாள் ஒருத்தி அழுதேவிட்டாள். நன்றாக டிரிபிள் செய்பவள் அவள்தான். அவளிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டேனே. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் பாஸ் கொடுத்துவிட்டு உள்ளே வெட்டி ஓடி, கையில் திரும்பி வந்த பந்தைத் தரையில் ஒருமுறைகூடத் தட்டாமல் போட்டாள். போட்டுவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, செருப்பைக் காட்டினேன்.

வி-கட், அதாவது ரிங் பக்கம் போகிற மாதிரி போய், சட்டென்று வெளியே ஓடி வந்து பந்து வாங்குவது, அதைச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை. உள்ளே போய் வெளியே வா என்றால் இரண்டையும் ஒரே வேகத்தில் செய்வார்கள். தடுக்கக் கூட வருபவளும் அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டு வருவாள். ‘அம்மா கடைக்குப் போகச் சொன்னா எப்படிப் போவ? அப்படி உள்ள போ. ஐஸ் வண்டி மணி கேட்டா எப்படி ஓடுவ? அப்படி வெளிய வா’ என்றேன். அன்றோடு சரி.

பெஞ்ச் பிளேயர்

யாருமே வீவ் பற்றிச் சொல்லவில்லையே? மூன்று பேர் குறுக்கும் நெடுக்கும் பாஸ் கொடுத்துக்கொண்டு ஓடும் அழகு இருக்கிறதே! எங்கள் காலத்தில் பிராக்டிஸ் என்றாலே அதுதான்.

பி.டி. வாத்தியார்

அழகுதான், ஆண்டு விழாவுக்கு. எதிரே ஆளே இல்லாமல் பாஸ் கொடுக்கப் பழகியவன் மேட்சில் எதிராளியின் கையிலேயே கொடுக்கிறான். நான் இப்போது மூன்று பேருக்கு எதிரே இரண்டு பேரை நிறுத்துகிறேன். ஷாட் முடிந்ததும் அந்த இருவர் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி ஓட, ஷாட் போட்டவன் தனி ஆளாகத் தடுக்க வேண்டும். மூச்சும் வாங்கும், மூளையும் வேலை செய்யும்.

ஃபேனை உடைத்த அப்பா

எனக்கு ஆட்டமே தெரியாது. ஒன்பது வயது மகனுக்கு ஆசையாக ஏழாம் நம்பர் பந்து வாங்கிக்கொடுத்தேன். கடையில் அதுதான் ‘ஒரிஜினல்’ என்றார்கள். பையன் அதை இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் வாளித் தண்ணீர் மாதிரி வீசுவான். கோச் பார்த்துவிட்டு, ‘இது பெரியவங்க பந்து சார், அறுநூறு கிராம். இவனுக்கு அஞ்சாம் நம்பர் வாங்குங்க, ஐநூறுக்குள்ள இருக்கும்’ என்றார். ரிங்கும் பத்து அடி. மினி பாஸ்கெட்பாலில் 2.60 மீட்டர்தானாம், ஆனால் எங்கள் கம்பம் சிமெண்டில் ஊன்றியது, இறக்க முடியாது. அதனால் இரண்டு மாதம் ரிங்கையே மறந்துவிடச் சொன்னார். தரையில் மல்லாந்து படுத்து, ஒரு கையால் நேர் மேலே போட வேண்டும், பந்து பின்பக்கமாகச் சுழன்று அதே கைக்குத் திரும்பி வர வேண்டும். பக்கத்தில் போய் விழுந்தால் முழங்கை கோணல் என்று அர்த்தம்.

இதைக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே படுத்துச் செய்யலாமா என்று அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஒரு இறக்கை வளைந்துவிட்டது. ஷாட் நேராகிவிட்டது.

பழைய பாயிண்ட் கார்டு

ரெட்டை ஜடை சொன்னதை வைத்து ஒன்று. போன மே மாதம் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி பார்க்கப் பிள்ளைகளை வேனில் கூட்டிப்போனேன். ஆளுக்கு ஒரு ஆட்டக்காரரைப் பிரித்துக் கொடுத்து, ‘அஞ்சு நிமிஷம் பந்தைப் பார்க்கக்கூடாது, இவரை மட்டும் பாரு’ என்றேன். பாவம், தலை தானாகப் பந்துப் பக்கம் திரும்பும், பிடித்துத் திருப்பிக்கொள்வார்கள். திரும்பி வரும்போது ஒருவன் கேட்டான்: ‘சார், அந்த ஏழாம் நம்பர் ஜெர்சிக்காரர் பந்தையே தொடல, ஆனா எப்பவும் ஓடிட்டே இருந்தாரு. எதுக்கு?’ வேன் ஆண்டிபட்டி தாண்டும் வரைக்கும் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

சிமெண்ட் கோர்ட்

செருப்பு யோசனையை இன்று செய்து பார்த்தேன். இரண்டு ஜோடியை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஐந்து இடத்திலும் வட்டம் போட்டுவிடலாம் என்றால் சாக்பீஸ் ஒரு தூறலுக்கே கரைகிறது. பெயிண்ட் அடிக்க அசோசியேஷன் செயலாளர் விட மாட்டார். வேறு என்ன செய்யலாம்?

ரெட்டை ஜடை

காவியைக் கெட்டியாகக் கரைத்து இழுங்கள். பொங்கலுக்கு வாசலில் போட்டது மாசி வரைக்கும் இருக்கிறதே. ஆனால் நன்றாகக் காயும் வரை பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள், வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்புறம் அம்மாக்கள் வரிசையாக உங்களைத் தேடி வருவார்கள்.