மறு: கேட்ச் கேனுக்குத் தமிழ்: பிடிகலமா, வடிகலமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சினிலிருந்து வருகிற வாயுவில் கலந்த எண்ணெயைப் பிரித்துத் தங்கவைக்கிற டப்பாதான் கேட்ச் கேன் (catch can). அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்று ஓடுகிற இந்த இழையை நாலு நாளாகப் படித்து வருகிறேன். சொற்கள் நிறைய வந்திருக்கின்றன, நல்ல சொற்களும் இருக்கின்றன. ஆனால் பாதிக்கு மேல் அந்தச் சாமானின் ஆங்கிலப் பெயரைப் பார்த்து உண்டானவை. சாமான் என் வண்டியில் ஆடி மாதத்திலிருந்து இருக்கிறது, மூன்று முறை திறந்து வடித்தும் விட்டேன். சேலத்தில் ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன் என்பதால் எனக்கு இது பொழுதுபோக்கு விவாதமும் இல்லை. அவர்கள் குறிப்பேட்டில் தமிழில்தான் எழுதுகிறார்கள், நான் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதியாக வேண்டும்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையமான பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். புது எஞ்சினிலும் இறங்கும். அதற்கு வழி விடாவிட்டால் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, சீல்களைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வந்துவிடும். அதனால்தான் மேலே எஞ்சினின் தலையை மூடுகிற ஹெட் கவரிலிருந்து வாயு வெளியேற ஒரு பிரீதர் ஹோஸ். அந்தக் காலத்து ஜீப்புகளில் அது ரோட்டைப் பார்த்துத் தொங்கும். இப்போது வெளியே விடக்கூடாது என்பதால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற டர்போவுக்கு முன்னால் இருக்கிற காற்றுக் குழாயிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த வாயு தனியாக வருவதில்லை. உள்ளே சிதறிப் பறக்கிற எண்ணெயின் நுண்துளிகளையும் சுமந்துகொண்டு வருகிறது. அந்த எண்ணெய் டர்போ வழியாக, காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போய்க் கொஞ்சம் அங்கே தேங்குகிறது. மிச்சம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடுகிற இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போனால், வெளிப்புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற இ.ஜி.ஆர். வழியாக வந்த புகைக்கரி அங்கே இருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

என் வண்டி 2.2 லிட்டர் டர்போ டீசல், நாலு சக்கரமும் இழுக்கிறது. 96,000 கிலோமீட்டரில் மேனிஃபோல்டைக் கழற்றியபோது உள்வாயை விரலால் வழித்துப் பார்த்தேன். மாட்டு வண்டி அச்சுக்கு என் தாத்தா வைக்கிற வண்டி மை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது, பிசுபிசுவென்று, கறுப்பாக. சோப்புப் போட்டும் நகக்கண்ணை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று. காற்று போகிற வழி பாதி அடைந்திருந்தது. இன்டர்கூலரைக் கவிழ்த்தால் அரை டீ கிளாஸ் எண்ணெய்.

வாரத்துக்கு மூன்று முறையாவது அந்த வண்டி மலை ஏறுகிறது. மாமனார் வீட்டுக் காப்பித் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் டர்போ முழு மூச்சில் ஊதிக்கொண்டே ஏறும்போது, ரிங்கைத் தாண்டுகிற வாயுவும் கூடிவிடுகிறது. சமவெளியில் ஓடுகிற வண்டிக்கு இவ்வளவு வராது.

சரி, டப்பாவுக்குள் என்ன நடக்கிறது? இதை நான் வகுப்பில் ஏற்காட்டை வைத்துத்தான் சொல்வேன். மார்கழிக் காலையில் தோட்டத்தில் நடந்தால் மழை பெய்யாது, பனிமூட்டம் மட்டும் நிற்கும். திறந்த வெளியில் தலை நனையாது. சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனால் சொட்டுச் சொட்டென்று சட்டை நனைந்துவிடும். மூட்டத்தில் இருக்கிற நீர்த்துளி தானாக விழ முடியாத அளவு சின்னது. இலையில் மோதுகிறது, ஒட்டுகிறது, பக்கத்துத் துளியோடு சேர்கிறது, கனத்ததும் சொட்டுகிறது. டப்பாவுக்குள் இருக்கிற வலையும் தடுப்புத் தகடும் அந்த இலையின் வேலையைத்தான் செய்கின்றன. எண்ணெய் அடியில் தங்கும், வாயு மறுபக்கக் குழாய் வழியாக டர்போவுக்குப் போகும். உள்ளே வலையில்லாத வெறும் டப்பாவும் சந்தையில் கிடைக்கிறது. அது மரமில்லாத வெட்டவெளி போல, நுண்துளி பெரும்பாலும் அப்படியே தாண்டிப் போய்விடும்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> எண்ணெய்ப் பிடிகலம் என்பதே போதும். நேராகவும் இருக்கிறது, எளிதாகவும் இருக்கிறது.

கோவை நண்பர் சொன்னது. எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நேர் மொழிபெயர்ப்பு என்பதற்காக நான் எதையும் தள்ளுகிறவன் இல்லை. கொண்டை ஊசி வளைவும் நேர் மொழிபெயர்ப்புதான், ஆனாலும் பேருந்து நடத்துநர் முதல் பலாப்பழம் விற்கிற அம்மா வரை எல்லார் வாயிலும் இருக்கிறது. கொண்டையும் ஊசியும் நம் வீட்டில் இருந்த பொருள்கள், வளைவைப் பார்த்ததும் படம் மனதில் வந்துவிடுகிறது. பிடிகலத்தில் அந்தப் படம் வரவில்லை. எண்ணெயை யாரும் பிடிப்பதில்லை. மழைத் தண்ணீரைப் பிடிப்போம், குழாயில் தண்ணீர் பிடிப்போம், அப்போது வருகிறது முழுவதும் பாத்திரத்துக்குள் விழ வேண்டும். இங்கே வருவதில் பெரும்பகுதி வாயு, அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சொல்லை வைத்துப் பாடம் நடத்தினால், மறுபக்கக் குழாயை அடைத்துவிடலாம் என்று ஒரு பையன் நினைக்க இடமிருக்கிறது. அடைத்தால் எஞ்சின் கெட்டது. டர்போவிலிருந்து எண்ணெய் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது, கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் அது இறங்காமல் டர்போ சீல் வழியாகக் கசிய ஆரம்பிக்கும்.

> எண்ணெய் சுத்திகரிப்பான்

இதை வேண்டாம் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன். அது எதையும் சுத்திகரிப்பதில்லை. தங்குகிற எண்ணெய் கழிவு, எஞ்சினில் திரும்ப ஊற்றக்கூடாதது. பெயரைப் பார்த்து யாராவது ஊற்றினால் பழி சொல்லின் மேல்தான் விழும். ஏற்கெனவே படிந்த கரியையும் அது எடுக்காது, தேய்ந்த ரிங்கையும் சரிசெய்யாது.

> மசகுத் திரட்டி

இதில் இரண்டு சொல்லுமே எனக்குப் பிடிக்கும். எண்ணெய் என்றால் எள்ளின் நெய், எஞ்சினுக்கு ஊற்றுவது மசகு என்று எழுதியிருந்தீர்கள் ஐயா, முறைதான். ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் சுட்டியபடி இலங்கைச் செய்தித்தாள்களில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். இரண்டு கரையிலும் படிக்கிற சொல் ஒரு கரையில் வேறு பொருள் தரக்கூடாது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எள்ளை விட்டு எண்ணெய் வெகுதூரம் வந்துவிட்டது, இதற்கும் வரட்டும். திரட்டி என்பது நடக்கிற வேலையைச் சரியாகச் சொல்கிறது, நுண்துளி திரள்வதுதான் அங்கே நடக்கிறது. ஆனால் வலைப்பதிவு எழுதினவர்கள் திரட்டி என்ற சொல்லை, பல பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுகிற தளம் என்ற வேறு பொருளில் இருபது ஆண்டாகப் புழங்கிவிட்டோம். திரண்ட பின் தங்குவதும் வடிப்பதும் அந்தச் சொல்லில் இல்லை.

> கலயம்? பாளையில் கட்டின கலயத்தில் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்குமே, அதுபோல.

அம்மா, வந்த சொற்களிலேயே அழகானது இதுதான். சொட்டுவதும் இருக்கிறது, நேரம் தவறாமல் போய் இறக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க இதிலேயே நின்றேன். கலயம் வாய் திறந்தது, இது இரண்டு பக்கமும் குழாய் பூட்டி மூடியது என்பது ஒன்றுதான் இடறுகிறது. அதனால் கலயத்தின் உறவான கலத்தை எடுத்துக்கொள்கிறேன். மின்கலம் என்று மூடிய பொருளுக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறோம்.

> ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் கேட்ச் கேன் என்றே சொல்லும்போது எதற்கு இந்தப் பாடு?

தம்பி, இதற்கு ஊர்க்காரனாகப் பதில் சொல்கிறேன். 1916இல், ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்த நாளில், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் எல்லாவற்றுக்கும் சொல் தேடினார்கள். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. மோட்டார் பட்டறை அந்த வரிசையில் இல்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் தமிழ் மட்டும் பேசி லாரியைப் பிரித்துக் கோக்கிற கைகள் இத்தனை இருக்கும்போது, அந்தக் கைகளுக்கு நாம் சொல் தராமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

எனக்கான சொல் பட்டறையில்தான் கிடைத்தது. கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வைத்து மாட்டினோம். பேட்டரிக்குப் பக்கத்தில் இடம் பார்த்து, 3 மி.மீ. இரும்புப் பட்டாவை வளைத்து, அதிராமல் இருக்க ரப்பர் புஷ் கொடுத்தோம். ஹோஸ் 19 மி.மீ. உள்விட்டம், கம்பெனி ஹோஸ் என்ன அளவோ அதே அளவு, குறைக்கவே கூடாது. முதலில் வாங்கிப்போனது சாதாரண சிலிகான் ஹோஸ். மெக்கானிக் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எண்ணெய்க்கு ஆகாதுங்க சார், நாலு மாசத்துல வேர்த்துடும்” என்று எண்ணெய் தாங்குகிற ரப்பர் ஹோஸாக மாற்றச் சொன்னார். வேர்த்துடும் என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள், சிலிகான் வழியாக எண்ணெய் உண்மையிலேயே வேர்வை போலத்தான் வெளியே பூக்கும். ஹோஸ் நடுவில் தொய்ந்தால் அங்கேயே எண்ணெய் தேங்கும் என்று சரிவாக இழுத்துக் கட்டினார். எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக் உள்ளழுத்தத்தால் மேலே எழும்புகிறதா என்று பார்த்தார், எழும்பவில்லை. கடைசியில் அடித்திருகைக் காட்டி, “இதுல புகை தங்காதுங்க, தூறல் மாதிரி வர்ற எண்ணெய்தான் தங்கும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா வடிச்சு விட்டுருங்க” என்றார்.

வடிச்சு விடுங்க. அவர் யோசிக்கவே இல்லை, அந்த வேலைக்கு அவர் வாயில் தானாக வந்த வினை அது.

ஆகவே என் முன்மொழிவு எண்ணெய் வடிகலம். எஞ்சினைப் பற்றிப் பேசுகிற இடத்தில் வடிகலம் என்றாலே போதும். வடி என்ற வேர் இரண்டு பக்கமும் நிற்கிறது. உள்ளே எண்ணெய் தானாக வடிகிறது, பிறகு நாம் வடிக்கிறோம். இந்த டப்பாவின் முழு வாழ்க்கையும் இந்த இரண்டு வினைதான். வினைத்தொகை என்பதால் வடிந்த, வடிகிற, வடியும் என்ற மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடுகின்றன. ஒற்றும் மிகாது, வடிக்கலம் என்று எழுதிவிட வேண்டாம். வடிகட்டி, வடிகால் என்று ஏற்கெனவே தெரிந்த சொற்களின் குடும்பம் என்பதால் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

எண்ணெய் வடிகலம் என்றால் வடை சுட்டு எண்ணெய் வடிய வைக்கிற பாத்திரம் போலக் கேட்கிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். என் மனைவியும் அதைத்தான் சொன்னார். அந்த நினைவு வரட்டும் என்றே நினைக்கிறேன். ஓட்டைத் தட்டில் வடை நிற்கிறது, எண்ணெய் கீழே இறங்குகிறது, எஞ்சினிலும் பிரிவது அப்படித்தான்.

இதன் கிளைகளையும் சேர்த்தே வைக்கிறேன். உள்ளிருக்கிற கம்பிவலை வடிவலை. அடியில் திறக்கிற திருகு வடிதிருகு. வடிகுழாய் என்று வைக்க நினைத்தேன், மருத்துவத்தில் அது வேறு பொருளில் நிலைத்துவிட்டது, அதனால் விட்டுவிட்டேன். கம்பெனியிலேயே ஹெட் கவருக்குள் வைத்து வருகிற சின்ன அமைப்புக்குப் பிரிப்பான் என்ற சொல் இருக்கட்டும், இரண்டும் வேறு வேறு பொருள் என்பது மாணவனுக்குத் தெரிய வேண்டும். பிரீதர் ஹோஸுக்கு மூச்சுக்குழல். வலை அடைத்துப்போனால் தானே திறந்து வாயுவை விடுகிற சின்ன வால்வு நல்ல வடிகலங்களில் உண்டு, அதற்கு மட்டும் எனக்குச் சொல் வரவில்லை. மாற்றுவழி வால்வு என்று இப்போதைக்கு எழுதுகிறேன், யாராவது திருத்துங்கள்.

முதல் இரண்டு முறை வடித்தபோது கறுப்பு எண்ணெய்தான் வந்தது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 80 மி.லி. மார்கழியில் வடித்தது மோர் கலந்த மாதிரி வெளுத்துப்போய் வந்தது. பயப்பட வேண்டியதில்லை, மலைக் குளிரில் வாயுவிலிருக்கிற ஈரம் குளிர்ந்து எண்ணெயோடு கலந்ததுதான். ஆனால் மலையில் ஓடுகிற வண்டிக்குக் குளிர்காலத்தில் ஐயாயிரம் வரை காத்திருக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டேன், பாதியிலேயே வடிக்க வேண்டும். வடித்ததைத் தோட்டத்தில் ஊற்றாமல் ஒரு கேனில் சேர்த்துப் பட்டறையின் பழைய எண்ணெய் டிரம்மில் கொடுத்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை இந்தப் பாடம் வருகிறது. அதற்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் வடிகலம் என்றே பலகையில் எழுதிவிடுவேன். ரிங்கைத் தாண்டி இறங்குகிற அந்த வாயுவுக்கு இன்னும் பெயர் இல்லை. பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். கசிவளி என்று எழுதிப் பார்த்தேன், நழுவளி என்றும் எழுதிப் பார்த்தேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து