அன்றாடம் சந்திக்கும் மனிதர்கள் வழியாக விசுவாசம் ஆழப்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்: வெளியூர்க்காரன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் நாசரேத் பக்கம், வேலை பெங்களூருவில். ஞாயிறு தமிழ் ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். காலையில் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனாலும் கொஞ்ச நாளாக உள்ளே வறண்டு கிடக்கிறது. வசனம் காதில் விழுகிறதே தவிர நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

எங்கள் ஆயரிடம் சொன்னேன். "தினமும் சந்திக்கிற மனுஷர்களில் ஆண்டவரைப் பாருங்க தம்பி" என்றார். எங்கள் அப்பார்ட்மெண்டில் இரவுக் காவலுக்கு ஒடிசாக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் வீட்டுக்குப் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அப்போதும் என் மனதில் ஓடியது, "இதன் மூலம் ஆண்டவர் எனக்கு என்ன சொல்கிறார்?" என்பதுதான். அது எனக்கே உறுத்துகிறது. அவருடைய துக்கம் எனக்கு ஒரு தியானப் பாடமா? ஆயர் சொன்னதை நிஜத்தில் எப்படிச் செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற கிராம நர்ஸ்

தம்பி, அந்த உறுத்தல் நல்லது. அதை விட்டுவிடாதீர்கள்.

மத்தேயு 25-ஐ இன்னொரு தரம் வாசியுங்கள். ராஜாவின் வலது பக்கம் நின்றவர்கள், "ஆண்டவரே, உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று கேட்கிறார்கள். இடது பக்கம் நின்றவர்களும் அதையே கேட்கிறார்கள். இரண்டு கூட்டத்தாருக்குமே ஆண்டவர் தெரியவில்லை! வலது பக்கத்தாருக்குத் தெரிந்ததெல்லாம் பசித்தவனின் பசிதான், சோறு போட்டார்கள். அதனால் காவலாளியின் முகத்தில் ஆண்டவரைத் தேட வேண்டாம். அவர் முகத்தையே பாருங்கள், அது போதும்.

நான் சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு ஊர்களில் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள். புதன்கிழமை தடுப்பூசி. குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்மணலில் நடப்போம். போலியோ சொட்டு மருந்து முகாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும், அன்றைக்கு ஆராதனை கிடையாது. எங்கள் அம்மாவுக்கு அதில் வருத்தம். எனக்கு வருத்தம் இல்லை. 2014-ல் நம் நாட்டில் போலியோ இல்லை என்று சான்று கொடுத்த நாளில் வீட்டில் முழங்கால் போட்டு அழுதேன். அந்த ஞாயிறுகளும் ஆராதனைதான் என்று இன்றும் நம்புகிறேன்.

கேட்டதற்கு வருகிறேன். ஒரு ஊரில் பனையேறி ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனார். முதுகில் படுக்கைப்புண். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கட்டுப் போட்டுவிட்டு வருவேன். அவர் மனைவி விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையில், கூலிக்குக் கருப்பட்டி காய்ச்சுகிறவர். பதநீரை அன்றன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், வைத்திருந்தால் கெட்டுப்போகும். சித்திரை வெயில், முன்னால் அடுப்பு. அதற்கு நடுவிலும் ஓடி ஓடி வந்து புருஷனைப் புரட்டிப் படுக்க வைப்பார். படுக்கைப்புண்ணுக்கு மருந்தைவிட அப்படிப் புரட்டுவதுதான் முக்கியம். நான் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். ராத்திரி பகலாக விடாமல் செய்தது அந்த அம்மா. புண் ஆறியது. எழுந்து நடக்க வேண்டும் என்றும் ஜெபித்தேன், அது நடக்கவில்லை.

எங்கள் அம்மா இறந்தபோது துட்டி கேட்க எத்தனையோ பேர் வந்தார்கள், சபையார் வந்து பாட்டுப் பாடி ஜெபித்தார்கள். எல்லாரும் போன பிறகு சாயங்கால பஸ்ஸில் அந்தப் பனையேறியின் மனைவி வந்து இறங்கினார். புருஷனை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார். "நீ ஒத்தையில கெடப்பேன்னுதான் வந்தேன்" என்றார். வேறு பேச்சு இல்லை. கிடந்த பாத்திரங்களைக் கழுவினார், கஞ்சி வைத்தார், என்னை உட்காரவைத்துக் குடிக்க வைத்தார். ராத்திரி என் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தார். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

"தேவன் ஆறுதல் செய்கிறவர்" என்று சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்தவள் நான். எப்படி ஆறுதல் செய்வார் என்று யோசித்ததே இல்லை. அந்த வாரம் 2 கொரிந்தியர் 7:6 கண்ணில் பட்டது. தேவன், தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்று எழுதுகிறார் பவுல். தரிசனத்தினாலே என்று எழுதவில்லை, ஒரு மனுஷன் வந்து சேர்ந்ததினாலே என்கிறார். எத்தனையோ தரம் வாசித்த வசனம், அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது. உங்களுக்கு இறங்காமல் இருக்கிறதே, அதற்கும் ஒரு ஆள் வந்து சேர வேண்டியிருக்கலாம்.

அதனால் என் ஆலோசனை: கொடுக்கப் போவதுபோலவே வாங்கவும் போங்கள். யோவான் 4-ல் நம் ஆண்டவர் நடந்து களைத்து, உச்சி வெயிலில் கிணற்றோரம் உட்கார்ந்து, சமாரியா ஸ்திரீயிடம் முதலில் கேட்டது தண்ணீர். மொண்டுகொள்ள அவர் கையில் பாத்திரம்கூட இல்லை. ஜீவத்தண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. நாமோ எப்போதும் கொடுக்கிற இடத்திலேயே நின்றுகொள்கிறோம். விசுவாசம் வறண்டுபோவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பதில்: முத்துநகர்

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடி. சிஸ்டர் எழுதியதோடு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1542-ல் எங்கள் கடற்கரைக்கு வந்த புனித சவேரியாரின் தோழர் புனித இஞ்ஞாசியார். ஆன்ம சோதனையைத் தம் சபையாருக்கு அன்றாடக் கடமையாக வைத்தவர் அவர். இரவில் படுக்கும் முன் நன்றி சொல்லி, ஒளி கேட்டு, அன்றைய நாளைக் காலையிலிருந்து மெதுவாகத் திரும்பிப் பார்ப்பது. யாரைச் சந்தித்தேன், எங்கே மனம் இளகியது, எங்கே இறுகியது, அவ்வளவுதான்.

உங்கள் சிக்கலுக்கு இது உதவும் தம்பி. ஆளோடு நிற்கும்போது ஆளோடு நில்லுங்கள். "ஆண்டவர் என்ன சொல்கிறார்" என்ற கேள்வியை இரவுக்குத் தள்ளி வையுங்கள். எம்மாவு ஊருக்குப் போன சீடர்களும், உயிர்த்தெழுந்த ஆண்டவரோடு ஏழெட்டு மைல் கூடவே நடந்தும் அவரை அறியவில்லை. அப்பம் பிட்ட பிறகுதான், வழியில் நெஞ்சு கொழுந்துவிட்டு எரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பதில்: திருவசனம்

நர்ஸம்மாவுக்கு ஒரு கேள்வி, மரியாதையோடுதான் கேட்கிறேன். அந்தக் குடும்பத்துக்குச் சுவிசேஷம் சொன்னீர்களா? மனித அன்பை மட்டும் பேசி முடித்துவிட்டால் கிறிஸ்து எங்கே?

பதில்: ஓய்வுபெற்ற கிராம நர்ஸ்

சரியான கேள்வி ஐயா. சொன்னேன். கட்டுப் போடும்போது அந்தப் பெரியவரே, "ஏம்மா நீ காசு வாங்காம வாரே?" என்று கேட்டார். எனக்கு இயேசு யார் என்பதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர்கள் திருச்செந்தூர் முருகனைக் கும்பிடுகிறவர்கள், இன்றைக்கும் அப்படித்தான். அதற்காக அவர்களிடம் எனக்கு வந்த ஆறுதல் குறைந்துபோகவில்லை. பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசியைப் போஷிக்கக் கர்த்தர் அனுப்பியது இஸ்ரவேலில் இருந்த விதவையிடம் அல்ல, சீதோன் நாட்டுச் சாறிபாத் விதவையிடம். லூக்கா 4-ல் ஆண்டவரே அதை எடுத்துச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஜெப ஆலயத்தாருக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்தப் பகுதி மிகவும் பிரியம்.

கேட்டவர்: வெளியூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. தீத்து வசனத்தை இப்போதுதான் எடுத்து வாசித்தேன். அம்மா, ஒரு சந்தேகம். எனக்கு இந்தி அரைகுறை, ஒடியா சுத்தமாகத் தெரியாது. அவரிடம் எப்படித் தொடங்குவது?

பதில்: ஓய்வுபெற்ற கிராம நர்ஸ்

தெரியாதது வசதிதான். அவர் மொழியில் ரெண்டு வார்த்தை சொல்லித்தரச் சொல்லுங்கள். அவர் கற்றுக்கொடுப்பார், நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். அங்கேயே வாங்குவது ஆரம்பமாகிவிடும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அப்புறம் மெதுவாகக் கேளுங்கள். காவல் வேலைக்கு வந்தவர்கள் போனில் அழுதால் பெரும்பாலும் அதுவாக இருக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்கிறார்களா, கையில் அட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குடும்பம் ஊரில் இருந்தாலும் அங்கே இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் பார்க்க வழி உண்டு. இது தெரியாமல் கடன் வாங்கி வைத்தியம் பார்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் பெயரையும் கேட்டு வையுங்கள், காலை ஜெபத்தில் பெயர் சொல்லிக் கேட்கலாம்.